மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்துக்கு அடையாளம்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் வாசகம். கலியாணப் பேச்சிலே பெண் தலைகுனிந்து நின்றால் அவளுக்கு உடன்பாடே என்று பெரியோர் முடிவுசெய்த காலம் ஒன்றிருந்தது. அவள் மனத்தில் இருந்தது யாது என்று கேட்டவர் சிலரே. மௌனம் சில வேளை சம்மதமாகும். சில வேளை மறுப்பாகும். சில வேளை எதிரே இருப்பவர்மீது கொண்ட இரக்கமுமாகும். இவ்வுண்மையை நான் நூல்களிற் கற்றதைவிடத் தாய்லாந்து தேசத்திலே ஒரு சித்திரை விடுமுறையிற் கண்டும் கேட்டும் அறிந்ததே அதிகம்.

என் சிறியதாயாரின் மகன் ஒருவன், பாங்கொக் நகருக்குத் தெற்கே, சாவ்பிராயா நதி கடலோடு கலக்கும் சமுத் பிராக்கான் மாகாணத்தில், மோட்டார் வண்டிகளுக்கான இறப்பர் உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையிற் கணக்காளனாக அக்காலத்திற் கடமையாற்றினான். 'சமுத்' என்பது நமது சமுத்திரமே. தொழிலாளர் தாய்லாந்தர், முகாமையாளர் ஐரோப்பியர். தம்பியின் அழைப்பை ஏற்று அவன் வீட்டில் இரண்டு வாரம் தங்கினேன். கோயில்களையும் அரண்மனைகளையும் எனக்குக் காட்டவேண்டுமென்பது அவன் விருப்பம். அவற்றைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அவற்றினும் அதிகமாக என் மனத்தைப் பற்றிக்கொண்டது, அத்தொழிற்சாலையில் ஒருவருக்கொருவர் நன்மையே எண்ணியிருந்தும் ஒருவரையொருவர் புண்படுத்திய இரண்டு நல்லவர்களின் கதையாகும். அதைச் சொல்லுமுன் அந்நாட்டார் இயல்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

பறங்கியும் பராங்கும்

மேலைத்தேசத்தவரைத் தாய்லாந்தர் 'பராங்' என்பர். நமது 'பறங்கி'யும் அதுவும் ஒரே வேரிற் பிறந்தவை. பிராங்கியர் என்ற பழைய ஐரோப்பிய இனத்தின் பெயரை அராபிய, பாரசீக வணிகர் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர். தமிழர் ஒரு காய்க்குப் பறங்கிக்காய் என்று பெயரிட்டது போலத் தாய்லாந்தர் கொய்யாப்பழத்தையும் 'பராங்' என்றே அழைக்கின்றனர்.

சொல் ஒன்றாயினும் வரலாறு வேறு. நமக்குப் பறங்கி ஆளவந்தவன். சீயதேசமோ ஐரோப்பிய வல்லரசு எதனுடைய ஆட்சிக்கும் உட்படவில்லை. சுலாலங்கோர்ண் மன்னர் 1892இல் ரோலின் ஜெக்மின்ஸ் என்ற பெல்ஜியச் சட்ட அறிஞரைத் தமது பொது ஆலோசகராக அமர்த்தினார். வெள்ளையர் அங்கே மன்னரிடம் சம்பளம் பெற்று ஊழியஞ் செய்தனர். குடிகள் தம் முன்னிலையில் நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் பழைய வழக்கத்தையும் அம்மன்னர் 1873இல் ஒழித்தார். ஆகவே, இன்று தாய்லாந்து இலிகிதர் ஒருவர் தமது ஐரோப்பிய முகாமையாளர் முன்னே குரல் தாழ்த்திப் பேசுவாராயின், துரைமாருக்கு முன் நடுங்கிய நமது பழைய கந்தோர்களை நினைத்து அதை அடிமைப் பயம் என்று கொள்ளலாகாது. தம் நாட்டுப் பெரியவர் முன்னும் அவர் அவ்வாறே பேசுவார்.

நெஞ்சத்தின் சொற்கள்

தாய்லாந்து மொழியில் 'ஜை' என்பது நெஞ்சம். அதனோடு வேறு சொற்களைக் கூட்டி மனத்தின் நிலைகள் பலவற்றை அவர்கள் குறிப்பர். 'ஜை யென்' என்றால் குளிர்ந்த நெஞ்சம், அது பொறுமை. 'ஜை ரோன்' என்றால் சுடுநெஞ்சம், அது முற்கோபம். 'நம் ஜை' என்றால் நீர் போன்ற நெஞ்சம். கேளாமலே உதவும் ஈரம் அது. இவற்றோடு 'கிரெங் ஜை' என்று ஒன்றுண்டு. நேராகப் பெயர்த்தால் 'அஞ்சும் நெஞ்சம்' எனலாம். ஆனால் அது கோழையின் அச்சமன்று. நம்மால் மற்றவருக்குத் தொல்லையோ தலைகுனிவோ உண்டாகிவிடக் கூடாதே என்ற கூச்சம். விருந்துக்குச் சென்றவர் இன்னொரு கிண்ணம் நீர் கேளாதிருப்பதும், தம்மை வண்டியில் ஏற்றிவந்தவர் சுற்றிப் போகவேண்டாமென்று தொலைவிலுள்ள சந்தியிலேயே இறங்கிக்கொள்வதும் கிரெங் ஜை.

மேலைத்தேச மொழிகளில் இதற்குச் சரியான சொல் கிடைப்பதரிது. நமக்கு அவ்வருமையில்லை. 'முகதாட்சணியம்' என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதுவே. திருவள்ளுவரும் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பழகியவர் முகத்தைக் கண்டபின் அவர் சொல்லை மறுக்கமாட்டாத மென்மை அது.

அலுவலகத்திலும் இக்குடும்பப் பண்பே ஆட்சி செய்கிறது. தலைவரைக் குறிக்கும் 'ஹுவா நா' என்ற சொல்லில் 'தலை'யும் 'முகமு'ம் சேர்ந்திருக்கின்றன. கீழே பணிபுரிவோருக்கு 'லுக் நோங்' என்று பெயர். 'லுக்' என்பது பிள்ளை, 'நோங்' என்பது தம்பி அல்லது தங்கை. வயதில் மூத்த ஊழியரை 'பீ' என்று அழைப்பர். அண்ணன், அக்காள் இரண்டுக்கும் அதுவே சொல். எனவே, தலைவர் என்பவர் வேலை வாங்குபவர் மாத்திரமல்லர். பிள்ளைகளின் நலத்தைக் கேளாமலே அறியவேண்டிய வீட்டுப் பெரியவருமாவார்.

பெயரிலும் ஒரு வேடிக்கையுண்டு. தாய்லாந்தருக்குக் குடும்பப் பெயர் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதனால் எவ்வளவு பெரிய பதவியினரையும் 'குன்' என்ற மரியாதைச் சொல்லோடு அவரது சொந்தப் பெயரைச் சேர்த்தே அழைப்பர். ஐரோப்பியரோ சொந்தப் பெயரால் அழைப்பதைச் சமத்துவத்தின் அடையாளமாகக் கருதுவர். "என்னைப் பெயர் சொல்லியே அழையுங்கள்" என்று தம்பியின் முகாமையாளர் வந்த முதல் நாளே கூறினாராம். அனைவரும் மகிழ்ந்து, அன்று முதல் 'குன்' சேர்த்து அவர் பெயரைச் சொல்லிக் கைகூப்பினர். சமத்துவம் நிலைபெற்றதென்று அவர் எண்ணினார். உரிய மரியாதையைச் செய்தோமென்று அவர்கள் எண்ணினர்.

இப்பண்பு பாடசாலையிலேயே ஊன்றப்படுகிறது என்பதை ஆசிரியனாகிய நான் ஆர்வத்தோடு கேட்டறிந்தேன். ஆசிரியரை அவர்கள் 'குரு' என்ற சொல்லின் திரிபாகிய 'க்ரூ' என்பதால் அழைப்பர். பள்ளியாண்டின் தொடக்கத்தில் மாணவர் குருவணக்க விழா எடுப்பர். அதைப் பெரும்பாலும் வியாழக்கிழமையில், நாம் குருவாரம் என்னும் அதே நாளில், நடத்துவர். அறுகம்புல்லும் வெட்சிப்பூவும் கத்தரிப்பூவும் வைத்து வணங்குவர். வெட்சி மொட்டின் கூர்மை அறிவின் கூர்மையைக் காட்டும். அறுகு பொறுமையோடு பரவும் கல்வியைக் காட்டும். கவிழ்ந்து மலரும் கத்தரிப்பூ பணிவைக் காட்டும். அவ்வாறு வளர்ந்த பிள்ளை இருபது ஆண்டுகளின் பின் ஒரு தொழிற்சாலைக் கூட்டத்தில் எழுந்து, "ஐயா, தாங்கள் சொல்வது பிழை" என்று எங்ஙனம் கூறும்?

ஒல்லாந்த அறிஞர் கீர்ட் ஹொப்ஸ்டீட் என்பவர், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். நிறுவனத்தின் பல தேசத்து ஊழியர்களிடம் திரட்டிய விடைகளை ஆராய்ந்து 1980இல் ஒரு நூல் வெளியிட்டார். தன்னைத் தனியனாக எண்ணும் மனப்பான்மைக்கு அவர் இட்ட அளவில் ஐக்கிய அமெரிக்கா 91 புள்ளியும், ஒல்லாந்து 80 புள்ளியும், தாய்லாந்து 20 புள்ளியும் பெற்றன. மேலோர் கீழோர் என்ற இடைவெளியை இயல்பாக ஏற்கும் தன்மையில் தாய்லாந்து 64, அமெரிக்கா 40, ஒல்லாந்து 38. இவை சராசரிகளேயன்றி எந்த ஒரு மனிதனின் குணத்தையும் சொல்லமாட்டா. தாய்லாந்து அறிஞரான சுந்தரீ கோமின் அம்மையார் தம் மக்களின் விழுமியங்களை ஆராய்ந்து, அவற்றுள் தன்மான உணர்ச்சிக்கே முதலிடம் கொடுத்தார். புன்சிரிப்பையும் பணிவையும் மாத்திரம் கண்டு செல்லும் அந்நியர் இதனை அறிவதில்லை. மென்மையான அந்தத் திரைக்குப் பின்னால் எளிதிற் காயமுறும் மானம் இருக்கிறது.

ஆறு வாரம்

இனிக் கதைக்கு வருவோம். அத்தொழிற்சாலையின் ஒரு பிரிவுக்கு ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்தார். இளம் பருவத்திலேயே அங்கு சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அவர் பிரிவிலிருந்த பெண்கள் யாவரும் அவரை 'பீ' என்றே அழைத்தனர்.

ஒரு நாள் தலைமைக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எட்டு வாரத்தில் முடிக்கும் ஒரு வேலையை ஆறு வாரத்தில் முடித்துத் தரவேண்டுமென்பது புதிய ஏற்பாடு. கூட்டத்தில் முகாமையாளர் அம்மையாரை நோக்கி, "ஆறு வாரத்தில் முடியுமல்லவா?" என்று வினவினார். அம்மையார் புன்னகையோடு "கா" என்றார். பெண்கள் மரியாதைக்காகச் சொல்லும் அச்சொல்லை 'ஆம்' என்றும் கொள்ளலாம். 'தாங்கள் சொல்வது என் செவியில் விழுந்தது' என்றும் கொள்ளலாம். முகாமையாளர் முதற்பொருளைக் கொண்டார்.

வேலை ஆறு வாரத்தில் முடியவில்லை. முகாமையாளர், பிரிவிலுள்ள அனைவரும் நிற்கையில், "முடியுமென்று நீங்கள்தானே சொன்னீர்கள்? ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று அம்மையாரைக் கேட்டார். அம்மையார் சிரித்தார். அச்சிரிப்பைக் கண்டு அவருக்குக் கோபம் மூண்டது, குரல் உயர்ந்தது. மறுநாள் அம்மையார் வரவில்லை. தாயாருக்குச் சுகமில்லை என்று முதலில் ஒரு கடிதமும், அதே காரணத்தைக் காட்டி வேலையை விட்டு விலகுவதாகப் பின்னர் ஒரு கடிதமும் வந்தன. அடுத்த சில மாதங்களில் அவர் பிரிவிலிருந்த பதினொரு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றுவிட்டனர். ஒருவரும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

முகாமையாளர் ஒருநாள் இரவு தம்பி வீட்டுக்கு விருந்துண்ண வந்தார். நேர்மையான மனிதர், தொழிலாளரோடு ஒரே உணவுச்சாலையிற் சாப்பிடுபவர். இந்நிகழ்ச்சி அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. "ஒருவரை மதித்தால் அவர் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும், புறத்தே பேசுவது இழிவு என்று என் தந்தையார் எனக்குக் கற்பித்தார். நான் நேராகக் கேட்டேன். அவர் பொய் சொன்னார். சம்பளத்தில் ஒரு சதம்கூட நான் குறைக்கவில்லை, காரணத்தையே கேட்டேன். அதற்கு நகைத்தார். பிறகு தாயாரின் நோயென்று இன்னொரு பொய் எழுதிவிட்டுப் போனார். இத்தனை ஆண்டு உழைத்தவருக்கு என்மீது இவ்வளவு அவமதிப்பா?" என்றார். அவர் கண்களில் இருந்தது கோபமன்று, துயரமே.

சில நாட்களின் பின் சொங்க்ரான் பண்டிகை வந்தது. நமது சித்திரைப் புத்தாண்டையொட்டி வரும் அவர்களின் புத்தாண்டு அது. இளையோர் மூத்தோரின் உள்ளங்கைகளில் நறுமண நீர் வார்த்து ஆசி பெறுவர். கந்தோர்களில் ஊழியர் தம் தலைவருக்கும் அவ்வாறு செய்வதுண்டு. தம்பி தன் மனைவி மக்களோடு அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றான். நானும் உடன் சென்றேன். நீர் வார்த்து வணங்கியபின், பலகாரங்களுக்கிடையே, அவர் தாமாகவே அந்தப் பேச்சை எடுத்தார். தம்பி எனக்கு மொழிபெயர்த்தான்.

"ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாக அவர் அந்தப் பெரியவருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது நான் முடியாதென்று சொன்னால் அவருடைய முகம் என்னாவது? அவருக்கு என் மகனின் வயது. சொந்தபந்தமின்றி இத்தேசத்தில் தனியே இருக்கிறார். கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துக் கேட்பார், அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவர் அழைக்கவில்லை."

முன்னரே அவர் குறிப்புக் காட்டாமலில்லை. கூட்டத்துக்கு முதல் நாள் முகாமையாளரைக் கண்டு, "பழைய யந்திரங்கள் இரண்டையும் இந்த மாதம் திருத்துவார்களா?" என்று வினவியிருக்கிறார். அடுத்த மாதம் என்று பதில் வந்தது. யந்திரம் திருந்தாமல் வேலை விரைவு பெறாது என்பதை அவர் அந்த வினாவிலேயே சொல்லிவிட்டார். தம்பியிடமும், "ஆறு வாரமென்றால் சிறிது கஷ்டமாயிருக்கும்" என்று கூறினார். தம்பி அதை அப்படியே முகாமையாளரிடம் ஒப்பித்தான். அம்மையார் வாயிற் 'சிறிது கஷ்டம்' என்பது 'நடவாத காரியம்'. முகாமையாளர் காதிலோ அது 'கொஞ்சம் முயன்றால் நடக்கும்'. "நான் சொல்லைக் கொண்டுபோனேன், அதன் பாரத்தைக் கொண்டுபோகவில்லை" என்று தம்பி பின்னர் என்னிடம் வருந்தினான்.

"எல்லோருக்கும் முன்னால் அவர் கேட்டபோது ஏன் சிரித்தீர்கள்?" என்று தம்பி மெல்ல வினவினான்.

"வேறென்ன செய்வது? நான் வளர்த்த பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். அழுதுவிடக் கூடாதென்று சிரித்தேன்" என்றார்.

"தாயாரின் நோயென்று எழுதினீர்களே?"

"உண்மையை எழுதினால் அந்தக் கடிதம் தலைமைக் கந்தோருக்குப் போகும். அவருக்கல்லவா குறை? அவர் கெட்டவரல்லர்."

முகாமையாளர் எந்தக் கடிதத்தைத் தமக்குச் செய்த அவமதிப்பென்று எண்ணி வருந்தினாரோ, அதே கடிதம் அவரைக் காப்பதற்காகவே எழுதப்பட்டதாக இருந்தது. விடைபெறும்போது அம்மையார், "இதையெல்லாம் அவரிடம் சொல்லவேண்டாம், மனம் நோவார்" என்று கேட்டுக்கொண்டார். தம்பி அவர் சொல்லைக் காத்தான். பின்னர் முகாமையாளர் தம் தேசத்துக்குத் திரும்பிவிட்டார். அம்மையார் வேறெங்கும் வேலைக்குப் போகவில்லை.

கேட்கும் முறை

இவ்விருவருள் யாரைக் குறைகூறுவது? உண்மையை முகத்துக்கு நேரே கேட்பதே மரியாதை என்று ஒருவர் கருதினார். பிறர் முகத்தைக் காப்பதே மரியாதை என்று மற்றவர் கருதினார். இருவரும் மரியாதையே செய்தனர். இருவரும் அவமதிப்பையே பெற்றனர்.

எனினும் முகதாட்சணியத்தை ஒரேயடியாகப் போற்றிவிடவும் என் மனம் இடந்தரவில்லை. யந்திரம் பழுதென்று தெரிந்தும் கூச்சத்தால் வாய் திறவாதிருந்தால், தாமதமாவது சரக்கு மாத்திரமன்று. ஒரு நாள் ஒருவருடைய கையோ உயிரோ போய்விடக்கூடும். அவ்வாறே, நேர்மை என்ற பெயரால் முதிய ஊழியரைப் பலர் முன்னிலையில் நிறுத்திக் கேள்வி கேட்பவர், தமக்கு இனி ஒருபோதும் உண்மை வந்துசேராதபடி கதவைத் தாமே அடைத்துக்கொள்கிறார். பதினொரு பெண்கள் சொல்லாமற் போனதன் பொருள் அதுவே.

ஆசிரியத் தொழிலில் இருப்பவருக்கு இது புதிதன்று. பாடத்தை முடித்துவிட்டு, "விளங்கியதா?" என்று கேட்டால் நாற்பது தலைகளும் ஆடும். அத்தலையசைப்பை நம்பும் ஆசிரியர் பரீட்சை விடைத்தாளைக் கண்டு திகைப்பார். அனுபவமுள்ளவர் அவ்வாறு கேளார். "இந்தக் கணக்கைச் செய்து காட்டு" என்பார். கூச்சமுள்ள பிள்ளையைப் பாடசாலை விட்டபின் தனியே அழைத்து வினவுவார். பிள்ளை பொய் சொல்வதில்லை. வினாத்தான் பொய்யான விடையை வருவிக்கிறது.

தொழிற்சாலைக்கும் இதுவே பொருந்தும். "ஆறு வாரத்தில் முடியுமா?" என்று சபையிற் கேட்டால் "கா" என்பதே விடை. "இதற்கு எத்தனை வாரம் வேண்டும்? எந்த யந்திரம் முதலிற் பழுதாகும்?" என்று முதல் நாளே தனிமையிற் கேட்டிருந்தால், அந்த அம்மையார் எட்டு வாரமென்று கணக்கோடு சொல்லியிருப்பார். அவ்வாறு கேட்பதற்குத் தாய்லாந்து மொழியை முற்றக் கற்கவேண்டுமென்பதில்லை. அரைமணி நேரமும் ஒரு கிண்ணம் தேநீரும் போதும். அதைப் போலவே, அந்நிய முகாமையாளரின் கீழ்ப் பணிபுரிவோரும் ஒன்று பழகவேண்டும். வாயாற் சொல்லக் கூசுவதை எழுத்திற் சொல்லலாம். "முடியாது" என்று சொல்ல நா எழாவிடின், "யந்திரத்தைத் திருத்தினால் எட்டு வாரத்தில் முடியும்" என்று சொல்லலாம். அது மறுப்புமாகும், மரியாதையுமாகும்.

தாய்லாந்தர் எல்லோரும் ஒரே வார்ப்பில் வார்த்தவரல்லர். வெளிநாடுகளிற் கற்றுத் திரும்பிய இளைஞர் பலர் பாங்கொக் கந்தோர்களில் மேலதிகாரியோடு வாதாடுகின்றனர். மேலைத்தேசத்தவரும் அவ்வாறே, ஆங்கிலேயர் சுற்றிவளைத்துச் சொல்வதை ஒல்லாந்தர் ஒரே சொல்லிற் சொல்லிவிடுவர். ஆகவே இன்ன தேசத்தார் இன்ன குணத்தார் என்று மனப்பாடஞ் செய்துகொண்டு புறப்படுவதிற் பயனில்லை.

நம் மாணவருட் பலர் நாளை அந்நிய தேசங்களில் அந்நியர் கீழும், சிலர் அந்நியருக்கு மேலும், கடமையாற்றப் போகின்றனர். அந்தந்த நாட்டு மொழியில் 'ஆம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் சொற்களை எளிதிற் கற்றுக்கொள்வர். அவ்வூரார் 'இல்லை' என்று சொல்ல விரும்பாதபோது என்ன சொல்கிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதையும் போன முதல் மாதத்திலேயே யாரேனும் ஒரு மூத்த ஊழியரிடம் அமர்ந்து கேட்டறிவாராயின், அவர்களுக்கும் அவர்களை நம்பியிருப்போருக்கும் பல துயரங்கள் நேராமற் போகும்.